எருவில் உலோகமா? பினாங்குத் தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தாமானில் (வீடமைப்புக் குடியிருப்பு) குடியிருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரமாக ஒரு துண்டு நிலம். பதினொரு வருடமாக அதில் கீரை, வெண்டை, பயற்றங்காய் என்று ஏதாவது ஓடிக்கொண்டிருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் வீட்டுத் தோட்ட வகுப்பு நடக்கும். அங்கே ஒருநாள், "கோழி எருவில் செம்பும் துத்தநாகமும் இருக்கிறது, அளவாகப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கேள்வி ஓயவில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். ஈ, நாற்றம், புழு பற்றியெல்லாம் வேறொரு நாள் பேசலாம்.

எரு என்பது கோழியும் மாடும் போடுவது. அதில் உலோகம் எப்படி வரும்?

தீவன மூட்டையிலிருந்து வருகிறது. எந்த உயிருக்கும் கொஞ்சம் செம்பும் கொஞ்சம் துத்தநாகமும் வேண்டும். கறிக்கோழிக்கு ஒரு கிலோ தீவனத்தில் செம்பு 8 மில்லிகிராம், துத்தநாகம் 40 மில்லிகிராம் இருந்தால் போதும் என்பது பழைய கணக்கு. ஆனால் தீவனம் கலக்கிறவர் அந்த அளவோடு நிற்க மாட்டார். குறைந்துபோனால் கோழி இளைக்கும், பண்ணைக்காரர் சண்டைக்கு வருவார். கூடினால் கோழி ஒன்றும் சொல்லாது. பொருளும் மலிவு. அதனால் இரண்டு பங்கு, மூன்று பங்கு என்று சேர்ப்பது சாதாரணம்.

இதற்கு மேல் இன்னொரு பழக்கம் உண்டு. நம் பாட்டிமார் மயில்துத்தம் என்று சொல்வார்களே, அந்தச் செம்பு சல்பேட் குடலில் இருக்கும் கிருமிகளை அடக்கும். உடம்பு சீக்கிரம் ஏறும். இதற்காகக் கிலோவுக்கு 125 முதல் 250 மில்லிகிராம் வரை செம்பு கலப்பது உலகம் முழுக்க நடந்திருக்கிறது, முக்கியமாகப் பன்றித் தீவனத்தில். தாய்ப்பால் நிறுத்திய பன்றிக்குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கு வராமலிருக்க துத்தநாக ஆக்சைடு கிலோவுக்கு 2,000 முதல் 3,000 மில்லிகிராம் வரை கொடுப்பார்கள். மருந்தாகக் கொடுக்கும் அந்த முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூனில் நிறுத்தியது. நிறுத்தியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, மண்ணில் சேர்கிறது என்பது.

பிராணியின் உடம்பில் தங்குவது சொற்பம். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பின்பக்கமாக வந்துவிடும். தின்ற தீவனத்தில் பெரும்பகுதி இறைச்சியாகவும் மூச்சாகவும் போய்விட, உலோகம் மட்டும் எச்சத்தில் செறிந்து நிற்கிறது. அதனால் தீவனத்தில் இருந்த அளவைவிட எருவில் அளவு அதிகமாக இருக்கும்.

எந்தெந்த உலோகம்? எல்லாமே விஷமா?

அளவில் அதிகம் துத்தநாகம், அடுத்தது செம்பு. இரண்டும் சத்துதான், மிஞ்சினால்தான் தொல்லை. மூன்றாவது காட்மியம். அளவு மிகக் குறைவு, ஆனால் உடம்புக்கு இதனால் ஒரு பயனும் கிடையாது. தீவனத்தில் சுண்ணச்சத்துக்காகவும் பாஸ்பரஸுக்காகவும் சேர்க்கும் பாஸ்பேட் பொடியோடும், மலிவான துத்தநாகப் பொடியோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈயம், நிக்கல் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

ஆர்செனிக்கைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ராக்சார்சோன் என்ற ஆர்செனிக் மருந்தை ஒரு காலத்தில் பல நாடுகளில் கோழித் தீவனத்தில் கலந்தார்கள். அமெரிக்காவில் 2011-இல் விற்பனை நின்றது, 2013-இல் அனுமதியே ரத்தானது. மருந்து போய்விட்டாலும், அந்தக் காலத்தில் எரு வாங்கிய மண்ணில் ஆர்செனிக் அப்படியே இருக்கும்.

மாட்டுச் சாணம் பரவாயில்லையா?

பரவாயில்லை. புல் தின்னும் மாட்டின் சாணத்தில், காய்ந்த எடையில் கிலோவுக்குத் துத்தநாகம் 100 முதல் 200 மில்லிகிராம், செம்பு 20 முதல் 50 மில்லிகிராம் அளவில் இருக்கும். கோழி எருவில் துத்தநாகம் 300 முதல் 500, செம்பு 50 முதல் 100. பன்றி எருவில் இரண்டுமே பல நூறுகள்.

ஆனால் நம் ஊர் மாட்டுக்கு ஒரு விசேஷம் உண்டு. ஜாவி, நிபோங் திபால் பக்கம் மாடு வைத்திருப்பவர்கள் புல்லோடு செம்பனை (எண்ணெய்ப் பனை) கொட்டைப் புண்ணாக்கையும் போடுவார்கள். பி.கே.சி. என்றுதான் கடையில் கேட்பார்கள். அந்தப் புண்ணாக்கில் இயல்பிலேயே செம்பு அதிகம், கிலோவுக்கு 20 முதல் 30 மில்லிகிராம். மாட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, சாணத்தில் செம்பு கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆட்டுக் கதை வேறு, கீழே வருகிறது.

அண்ணே, ஒரு மூட்டை போட்டதுக்கெல்லாம் மண் கெட்டுப்போகுமா?

ஒரு மூட்டையில் கெடாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் போட்டுப் பார்த்துத்தான் பயந்தேன்.

ஒரு பாத்தி 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். மேல்மண் 15 சென்டிமீட்டர். அந்த மண்ணின் எடை ஏறக்குறைய 600 கிலோ. கோழி எரு மூட்டை 20 கிலோ, ஈரத்தைக் கழித்தால் 15 கிலோ காய்ந்த எரு. கிலோவுக்கு 400 மில்லிகிராம் துத்தநாகம் என்றால் ஒரு மூட்டையில் 6,000 மில்லிகிராம். அதை 600 கிலோ மண்ணில் கலந்தால், கிலோ மண்ணுக்கு 10 மில்லிகிராம் ஏறுகிறது. ஒரே மூட்டையில்.

பாயாம் கீரை ஒரு மாதத்தில் அறுப்புக்கு வந்துவிடும். வருடத்தில் நான்கு தடவையாவது புதிதாக விதைப்போம், ஒவ்வொரு தடவையும் ஒரு மூட்டை கொட்டுவோம். வருடத்துக்கு 40. ஐந்து வருடத்தில் 200. தொடக்கத்தில் மண்ணில் இருந்ததைச் சேர்க்காமலே இவ்வளவு.

"கீரை அறுக்கிறோமே, அதோடு வெளியே போகாதா?" என்று ஒரு அக்கா கேட்டார். நல்ல கேள்வி. அந்தப் பாத்தியில் ஒரு தடவைக்குப் பத்து கிலோ கீரை வந்தாலும் அதிலிருக்கும் துத்தநாகம் சுமார் 50 மில்லிகிராம். போட்டது 6,000, எடுத்தது 50. வரவுக்கும் செலவுக்கும் இவ்வளவு இடைவெளி இருந்தால் எந்தக் கணக்குப் புத்தகமும் வீங்கத்தான் செய்யும். மழை கொஞ்சம் அரித்துக்கொண்டு போகும், ஆனால் துத்தநாகமும் செம்பும் மண்ணைப் பிடித்துக்கொள்கிற ஜாதி. பெரும்பகுதி மேல் அரை அடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

பெரிய பண்ணைக்காரரைவிட வீட்டுத் தோட்டக்காரர்தான் சதுர மீட்டர் கணக்கில் அதிகம் கொட்டுகிறார் என்பது என் அனுபவம். பண்ணைக்காரர் எருவைக் காசு கொடுத்து லோரியில் இறக்குகிறார், அதனால் அளக்கிறார். நமக்கு மூட்டை சில வெள்ளி (ரிங்கிட்) தான். மிச்சம் வைத்தால் வீட்டில் நாற்றம் என்று முழுவதையும் கொட்டிவிடுகிறோம்.

அப்படியானால் எவ்வளவுதான் போடலாம்?

இலைக் காய்கறிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு கிலோ காய்ந்த கோழி எரு, ஒரு தடவை விதைப்புக்கு. மேலே சொன்ன பாத்திக்கு மூன்று கிலோ, ஒரு சிறு வாளி. தழைச்சத்துக்கு அது தாராளம். மண்ணுக்கு இன்னும் கரிமச்சத்து வேண்டும் என்றால் இலைச்சருகு, புல் வெட்டியது, சமையலறைக் கழிவு மக்கியது, சாணம் இவற்றைக் கொண்டு நிரப்புங்கள். நான் இப்போது இரண்டு விதைப்புக்கு ஒருமுறைதான் கோழி எரு போடுகிறேன். கீரை ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

நன்றாக மக்க வைத்தால் உலோகம் போய்விடுமா?

போகாது. இதில்தான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். கிருமி சாகும், களை விதை சாகும், நாற்றம் போகும், கார்பன் காற்றாகிப் பறந்துவிடும். நூறு கிலோ குவியல் ஐம்பது கிலோவாகச் சுருங்கும்போது உள்ளே இருந்த செம்பும் துத்தநாகமும் அதே அளவில் இருக்கும். ஆக, கிலோவுக்கு இரண்டு மடங்கு. பாலில் தண்ணீரைச் சுண்டக் காய்ச்சுவதுபோல.

நல்ல பக்கமும் ஒன்று உண்டு. மக்கிய உரத்தில் இருக்கும் கருமையான மட்கு செம்பை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், செடிக்குச் சட்டென்று கிடைக்காது. நம் வெயிலுக்கும் மழைக்கும் அந்த மட்கு சீக்கிரம் கரைந்துவிடும் என்பதால் நிரந்தரப் பூட்டு என்று நம்ப வேண்டாம். சாண எரிவாயுக் கலத்திலும் இதே கதைதான். வாயு மேலே போகும், உலோகம் கழிவுக் குழம்பில் நிற்கும்.

செடியைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?

துத்தநாகமும் செம்பும் மிஞ்சினால் செடி காட்டிக்கொடுக்கும். என் பயற்றங்காய்ப் பந்தலில் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, நடுவே வெளிறி மஞ்சளாக வந்தன. இரும்புச்சத்துக் குறைவு என்று நினைத்து அதற்கு மருந்து வாங்கித் தெளித்தேன். இரண்டு வாரம் பச்சையானது, மறுபடி மஞ்சள். பிடுங்கிப் பார்த்தால் வேர் குட்டையாக, தடித்து, பக்க வேர் இல்லாமல் பிரஷ் மாதிரி இருந்தது. துத்தநாகம் அதிகமானால் வேர் இரும்பை எடுக்க விடாமல் தடுக்கும். பயறு வகைகள் இதில் முதலில் அடி வாங்கும்.

அந்த வகையில் இவை இரண்டும் நேர்மையான உலோகங்கள். நாம் சாப்பிட்டுக் கெடுதல் வரும் அளவுக்குப் போவதற்கு முன்பே செடி சுணங்கிவிடும், விளைச்சல் குறையும், நாம் விழித்துக்கொள்வோம்.

காட்மியம் அப்படியில்லை. செடிக்கு ஒரு வாட்டமும் தெரியாமல் இலைக்குள் ஏறும். தளதளவென்று நிற்கும் கீரையில், மனிதனுக்கு ஆகாத அளவு இருக்கலாம். இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஈயம் இன்னொரு ரகம்: மண்ணை விட்டுச் செடிக்குள் அவ்வளவாக ஏறாது, மண்ணாகவும் தூசியாகவும் இலைமேல் ஒட்டிக்கொண்டு வரும்.

எந்தக் காய்கறி அதிகம் இழுக்கும்?

இலை. பாயாம் கீரை, சலாட், சாவி (கடுகுக்கீரை வகை), கங்கோங் கீரை எல்லாம் முன்வரிசை. பிறகு கிழங்கு, வேர். காய்களில் கத்தரி மற்றவற்றைவிடக் கொஞ்சம் கூட எடுக்கும். பயற்றங்காய், வெள்ளரி, பாகற்காய், பூசணி இவை குறைவு. சந்தேகமான பாத்தியில் கீரையை நிறுத்திவிட்டுப் பாகற்கொடியை ஏற்றுவது செலவில்லாத முதல் வேலை.

கழுவினால், வேகவைத்தால்?

கழுவினால் இலையில் ஒட்டிய மண் போகும், அதோடு ஈயமும் பெரும்பாலும் போகும். உள்ளே ஏறிய காட்மியம் போகாது. வேகவைத்தாலும் அது ஆவியாகாது.

சாப்பிட்டால் உடம்புக்கு என்ன ஆகும்?

வீட்டுத் தோட்டக் கீரையைச் சாப்பிட்டு நாளைக்கே யாரும் படுக்கப் போவதில்லை. காட்மியம் சிறுநீரகத்தில் தங்கும். பாதி வெளியேறவே பத்து முதல் முப்பது வருடம் ஆகும். அதனால் இளமையில் சாப்பிட்டது முதுமையில் கணக்குக் கேட்கும். ஜப்பானில் தொயாமாவில், ஜின்சு ஆற்றுத் தண்ணீரில் விளைந்த அரிசியைப் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு மென்மையாகி, இருமினாலே ஒடியும் நிலை வந்தது. 1968-இல் அரசாங்கமே அதை மாசு நோய் என்று ஏற்றுக்கொண்டது. அங்கே காட்மியம் வந்தது சுரங்கத்திலிருந்து, அளவும் பல மடங்கு. எருவால் அப்படி வரும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. இந்த உலோகத்தின் குணம் தெரியட்டும் என்று சொன்னேன்.

அளவு தெரிய வேண்டுமா? உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2010-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 60 கிலோ ஆளுக்கு நாளைக்கு ஏறக்குறைய 50 மைக்ரோகிராம். இலைக் காய்கறிக்கு கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். அந்த உச்சத்தில் இருக்கும் கீரையைத் தினம் கால் கிலோ சாப்பிட்டால் ஒரு நாள் பங்கு முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். சோறு, கடல் சிப்பி, ஆட்டு ஈரல் எல்லாம் அதற்கு மேல்.

இரண்டு பேர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒருவர் சிகரெட் பிடிப்பவர்: புகையிலைச் செடி காட்மியத்தை ஆசையாக இழுக்கும், புகையோடு நேராக நுரையீரலுக்குப் போகும். இன்னொருவர் இரத்தசோகை உள்ள பெண்கள். உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் காட்மியத்தை அதிகம் உறிஞ்சும். இரத்தம் ஊறட்டும் என்று தினமும் கீரை சாப்பிடுகிறவர்களும் அவர்களேதான். கீரையை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரே பாத்திக் கீரையையே வருடக்கணக்கில் சாப்பிடாமல் பசாரிலிருந்தும் மாற்றி மாற்றி வாங்குங்கள், டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையையும் போடுங்கள்.

நம் ஊர் மண்ணுக்கு இதில் தனியாக ஏதாவது பிரச்சினை உண்டா?

உண்டு. என்னைக் கேட்டால் முழுப் பக்கத்திலும் முக்கியமான கேள்வி இதுதான். நம் மண் புளிப்பு. நாட்டின் மேட்டு நிலம் முழுக்க மழையில் அலசப்பட்ட சிவப்பு, மஞ்சள் மண், பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், 7-க்குக் கீழே குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4, 5 என்று நிற்கும். செபராங் பிறையின் கடலோரத் தாழ்நிலத்திலோ சில இடங்களில் கந்தகப் புளிப்பு மண்ணே இருக்கிறது. மண் புளித்தால் காட்மியமும் துத்தநாகமும் பிடி தளர்ந்து வேருக்குப் போகும். அதே மண்ணில் பி.எச். 6-ஐத் தாண்டி 6.5 பக்கம் வந்தால் மண் அவற்றை மறுபடி பிடித்துக்கொள்ளும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. முட்டைக் கோழித் தீவனத்தில் ஓட்டுக்காகச் சுண்ணாம்பு நிறையச் சேர்ப்பார்கள், அது எச்சத்திலும் வரும். அதனால் கோழி எரு போடப் போட மண்ணின் புளிப்பு குறையும், உலோகம் ஏறிக்கொண்டே போனாலும் அடங்கிக் கிடக்கும். திடீரென்று ஒருநாள், "இனி எருவே வேண்டாம்" என்று முழுவதும் நிறுத்தி, யூரியா மாதிரி உரத்துக்கு மாறினால் இரண்டு மூன்று வருட மழையில் மண் பழையபடி புளிக்கும். அப்போது, இத்தனை நாள் சேர்ந்து கிடந்தது வெளியே வரும். எருவை நிறுத்துகிறவர்கள் சுண்ணாம்பை நிறுத்தக் கூடாது.

ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் புண்ணியத்தில் நமக்கு அரைத்த சுண்ணாம்புக்கும் டோலமைட்டுக்கும் பஞ்சமில்லை. உரக்கடையில் 'கபூர்' என்று கேட்டால் எடுத்துத் தருவார். சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம், வருடத்துக்கு ஒருமுறை பி.எச். பார்த்துவிட்டுப் போடுங்கள். பச்சை எருவோடு ஒன்றாகக் கலக்க வேண்டாம். அம்மோனியா கண்ணை எரிக்கும், தழைச்சத்தும் பறந்துவிடும். இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள்.

மண்ணைப் பரிசோதிப்பது எப்படி? ஷாப்பியில் விற்கும் ஊசி மீட்டர் போதுமா?

அந்த மீட்டர் உலோகத்தைக் காட்டவே காட்டாது. பி.எச்.கூட ஏதோ குத்துமதிப்புதான். உலோகத்துக்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். மண்ணை அமிலத்தில் கரைத்துக் கருவியில் படிப்பார்கள். எங்கே கொடுப்பது என்று விவசாய இலாகாவின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் ஆய்வுக்கூடங்களும் எடுக்கின்றன. காசு ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனி என்பதால் செம்பு, துத்தநாகம், காட்மியம், ஈயம், பி.எச். இவை போதும்.

மண் எடுப்பதில்தான் கோட்டை விடுவோம். நான் விட்டேன். முதல் தடவை வீட்டில் இருந்த பழைய தகர வாளியை எடுத்துக்கொண்டு போய், துருப்பிடித்த கைக்கரண்டியால் தோண்டி, வாளியிலேயே போட்டுக் கலக்கி, அதில் ஒரு பையைக் கட்டி அனுப்பினேன். துத்தநாகம் தலைசுற்றும் அளவில் வந்தது. ஆய்வுக்கூடத்துப் பிள்ளை போனில் கேட்ட முதல் கேள்வி, "அங்கிள், என்ன வாளியில எடுத்தீங்க?" தகர வாளிக்குத் துருப் பிடிக்காமலிருக்கப் பூசியிருப்பதே துத்தநாகம்தான். ஈர மண்ணைப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கலக்கியிருக்கிறேன். இரண்டாவது தடவை பிளாஸ்டிக் வாளி, பிளாஸ்டிக் கரண்டி. அளவு நன்றாக இறங்கியது. ஆனாலும் வேலிக்கு வெளியே எருவே படாத மண்ணைவிடப் பல மடங்கு அதிகம். பயற்றங்காய் மஞ்சளானதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

ஆகவே பத்துப் பதினைந்து இடத்தில், வளைந்து வளைந்து நடந்து, அரை அடி ஆழம் வரை எடுங்கள். கலக்குங்கள், அரைக் கிலோ எடுத்து நிழலில் உலர்த்துங்கள். எரு படாத மண்ணையும் ஒரு பை சேர்த்து அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் வந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது?

ரிப்போர்ட் வந்துவிட்டது. எந்த எண்ணுக்கு மேல் போனால் கவலை?

ஒப்பிட இரண்டு அளவுகோல்கள் தருகிறேன். சீனாவின் 2018 விவசாய மண் தரநிலை, பி.எச். 6.5-க்குக் கீழே உள்ள, நெல் வயலும் பழத்தோட்டமும் அல்லாத விவசாய மண்ணுக்குக் கிலோவுக்குக் காட்மியம் 0.3, செம்பு 50, துத்தநாகம் 200 மில்லிகிராம் என்று வைக்கிறது. கழிவுநீர்ச் சேற்றை வயலில் போடுவதற்கு ஐரோப்பா வைத்த 1986 விதி தாராளமானது: காட்மியம் 1 முதல் 3, செம்பு 50 முதல் 140, துத்தநாகம் 150 முதல் 300. நம் மண் புளிப்பு என்பதால் நான் சீனக் கணக்கைத்தான் பார்க்கிறேன். தாண்டியது என்றால் விஷம் என்று அர்த்தமில்லை. அந்தப் பாத்தியில் இனி எரு வேண்டாம், கீரை வேண்டாம், பி.எச். கவனம் என்று அர்த்தம்.

மூட்டையில் 'ஒர்கானிக்' என்று போட்டிருக்கிறதே?

அந்த வார்த்தை எருவில் ரசாயனம் கலக்கவில்லை என்று சொல்கிறது. கோழி என்ன தின்றது என்று சொல்லவில்லை. மலேசியாவில் மைஓர்கானிக் சான்றிதழ் விவசாய இலாகா தருவது, அது பண்ணைக்கு. கடையில் விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் கிடையாது. விற்பவரிடம் செம்பு, துத்தநாக அளவு அச்சிட்ட பரிசோதனைத் தாள் கேளுங்கள். பத்துக் கடையில் ஒன்பதில் முறைப்பார்கள். கேட்டுக்கொண்டே இருந்தால்தான் ஒருநாள் அச்சிடுவார்கள்.

பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடமாக ரசாயனம் இல்லாத தோட்டத்தை ஊக்குவிக்கிறது, எனக்கும் அதில் உடன்பாடுதான். இயற்கை என்றால் அளக்க வேண்டாம் என்று நாமாக முடிவு செய்துகொண்டதில்தான் சிக்கல். ரசாயன உரமும் சுத்தம் கிடையாது, பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வரும். பூஞ்சைக்கு அடிக்கும் செம்பு மருந்தும் மண்ணில்தான் இறங்கும்.

ஏற்கெனவே அதிகமாகிவிட்டது. மண்ணைச் சுத்தம் செய்ய வழி இருக்கிறதா?

உலோகத்தை உறிஞ்சும் செடி வைத்து எடுக்கலாம் என்று யூடியூபில் சொல்வார்கள். முடியும், உங்கள் பேரப்பிள்ளை காலத்தில். நடைமுறையில் செய்யக்கூடியது, பி.எச்.ஐ 6.5 அருகில் நிறுத்துவது, சாணமும் இலை மட்கும் சேர்ப்பது, கிடைத்தால் உமிக்கரி கலப்பது. உமிக்கரிக்கு நாம் அலைய வேண்டியதில்லை. பெனாகா, கெப்பாலா பத்தாஸ் பக்கம் நெல் வயல் இருக்கும் வரை உமி இருக்கும். சின்னப் பாத்தி என்றால் மேல் அரை அடியை வழித்து எடுத்துப் பூச்செடிப் பக்கம் போட்டுவிட்டு, புது மண்ணைக் கொண்டு மேட்டுப்பாத்தி கட்டுவதுதான் சுலபம். நான் இரண்டு பாத்தியை அப்படித்தான் மாற்றினேன். பழைய மண்ணில் இப்போது செம்பருத்தியும் அரளியும் நிற்கின்றன, சாமிக்குத்தானே போகிறது.

பன்றிப் பண்ணைக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கிறோம்...

கம்போங் செலாமாட் பக்கமிருந்து இந்தக் கேள்வி வரும். பண்ணையிலிருந்து நேராக எரு வாங்காவிட்டாலும் கால்வாய்த் தண்ணீரைப் பாய்ச்சினால் கவனம். கழிவுக் குளத்தில் தண்ணீர் தெளிந்து வெளியேறும்போது செம்பும் துத்தநாகமும் அடியில் சேற்றோடு தங்கும். தண்ணீரைவிட அந்தச் சேறுதான் செறிவு. கால்வாய் தூர்வாரி மேட்டில் போட்டிருக்கும் கறுப்பு வண்டலைப் பார்த்து, "நல்ல உரம்" என்று அள்ளிக்கொண்டு போகாதீர்கள்.

கேமரன் மலைக் காய்கறி சாப்பிடலாமா?

சாப்பிடலாம். அங்கே கோழி எரு நிறையப் போடுகிறார்கள் என்பது உண்மை. சந்தைக் காய்கறி பல தோட்டங்களிலிருந்து கலந்து வருகிறது, ஒரே மண் உங்கள் தட்டுக்குத் தினமும் வருவதில்லை. வீட்டுத் தோட்டத்தில்தான் அந்த ஆபத்து.

ஆடு வளர்க்கிறோம். கோழி எரு போட்ட புல்லை விடலாமா?

வெள்ளாட்டுக்குப் பெரிய பயமில்லை. செம்மறிக்கு வேண்டாம். செம்மறியின் ஈரல் செம்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், வெளியேற்றத் தெரியாது. மாதக்கணக்கில் நன்றாகவே இருக்கும். ஒருநாள் கண் மஞ்சளாகி, மூத்திரம் கருஞ்சிவப்பாகி, இரண்டு மூன்று நாளில் விழுந்துவிடும். நம் நாட்டிலேயே செம்பனைப் புண்ணாக்கை முக்கியத் தீவனமாகப் போட்ட செம்மறிகளுக்கு இப்படி ஆனதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். புண்ணாக்கும் அதிகம், மேயும் புல்லும் இலையில் கோழி எரு ஒட்டிய புல் என்றால் இரண்டு பக்கமும் செம்பு. எரு போட்டால் நல்ல மழை இரண்டு மூன்று பெய்து இலை அலசும் வரை மந்தையை விடாதீர்கள், தீவனத்துக்கு மாட்டுக் கலவையை வாங்காதீர்கள்.

எருவே போடவில்லை. ஆனாலும் துத்தநாகம் அதிகம் வந்திருக்கிறதே?

மேலே பாருங்கள். தகரக் கூரைத் தண்ணீர் பாத்தியில் விழுகிறதா? பழைய டயரை வெட்டித் தொட்டியாக்கி வைத்திருக்கிறீர்களா? டயர் ரப்பரில் துத்தநாக ஆக்சைடு சேர்த்துத்தான் வேகவைக்கிறார்கள். போன மாதம் வந்த ஒரு ஐயா, வாசலில் வரிசையாகப் பன்னிரண்டு டயர், எல்லாவற்றிலும் கீரை. டயரில் போகன்வில்லாவை வையுங்கள், கீரையைப் பழைய பெயிண்ட் வாளிக்கு மாற்றுங்கள் என்றேன். பிறகுதான் ஞாபகம் வந்து பின்னாலேயே ஓடிப்போய்ச் சொன்னேன்: "ஐயா, பிளாஸ்டிக் வாளி. நல்லா கழுவினது."